ஊர்ப் பலகைக்குக் கீழே

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் நடுரோட்டில் நின்று சண்டை பிடித்தோம்.

வீட்டில் சண்டை பிடிப்பது வேறு. அங்கே கதவு இருக்கிறது, சாத்தலாம். டீவி இருக்கிறது, சத்தத்தைக் கூட்டலாம். இது ஒஸ்லோவிலிருந்து கொங்ஸ்விங்கர் பக்கம் ரயிலில் வந்து, சைக்கிள்களை இறக்கி, அதற்குப் பிறகும் பத்துக் கிலோமீட்டர் மிதித்து வந்த இடம். இரண்டு பக்கமும் ஓட்ஸ் வயல். ரோடு இரண்டாகப் பிரிகிறது. பார்வையாளர்கள் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஏழெட்டு மாடுகள்தான்.

நான் இடது பக்கம் போகவேண்டும் என்றேன். இவர் வலது பக்கம் என்றார்.

இடையில் ஒரு விளக்கம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்குச் சீனி வியாதி என்று டொக்டர் சொன்ன வருடத்தில்தான் சைக்கிள் வாங்கினேன். ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் கம்பஸுக்கு மிதித்த கால்கள், மறந்துவிடவில்லை. ஆனால் சும்மா மிதிக்க அலுப்பாக இருக்காதா? அப்போதுதான் அந்தப் பலகைகள் கண்ணில் பட்டன.

நோர்வேயில் நாட்டுப்புறத்துக்குள் போனால், சில ஊர்களின் வாசலில் ஊர்க்காரரே செய்து நட்ட பெயர்ப் பலகை நிற்கும். அரசாங்கத்துத் தகரப் பலகையைச் சொல்லவில்லை. மரத்தைச் செதுக்கி, வர்ணம் பூசி, சில இடங்களில் மேலே புல் முளைத்த ஒரு குட்டிக் கூரையும் வைத்து... ஒரு ஊரில் மூன்று ஸ்ட்ரோபெரிப் பழங்கள், ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவில். இன்னொரு ஊரில் பழைய பால் கேன்களை வரிசையாக வைத்து, கேனுக்கு ஒரு எழுத்தாக ஊரின் பெயர். ஒன்றில் எல்க் மான். அதற்குக் கம்பளித் தொப்பி. ஏன் தொப்பி? யாரைக் கேட்டும் தெரியவில்லை.

எனக்கு இது பிடித்துப்போனது. ஒரு ஊருக்குத் தன்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்ல இடம் கொடுத்தால் அது எதைச் சொல்லும்? எங்கள் ஊரில் பழம் நன்றாக இருக்கும் என்று சொல்லும். எங்கள் ஆற்றில் மீன் உண்டு என்று சொல்லும். இங்கே ஒருவரோடொருவர் கதைக்காமல் இருபது வருடமாக நாலு குடும்பம் இருக்கிறது என்று எந்த ஊரும் பலகை வைக்காது. மனிதர்களும் அப்படித்தானே?

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அல்பத்தில் ஒட்டுவேன். இவர் கூட வருவார். மறுப்புச் சொன்னதே இல்லை. டயர் காற்றுப் போனால் ஒட்டித் தருவார், ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார், நான் படமெடுக்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதிகம் கதைக்கமாட்டார். அதுவும் இந்த வருடம் ஊரில் திரும்பப் போர் தொடங்கியதிலிருந்து, போன் அடித்தாலே எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு ரோட்டு முனையில் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"அங்கை ஒண்டும் இல்லையப்பா. வெறும் காடு."

"ஸ்டேஷனிலை நிண்ட மனுசி சொன்னவ, இடப்பக்கத்து ஊரிலை புதுசா ஒரு போர்ட் வைச்சிருக்கினமாம். நல்ல வடிவாம்."

"வலப்பக்கமும் ஊர்தானே. அங்கையும் இருக்கும்."

"இடப்பக்கம் வெறும் காடெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? போயிருக்கிறீங்களோ?"

சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றார் பிறகு. "காம்ப் அங்கைதான் இருந்தது."

காம்ப் என்றால் அகதி முகாம். எண்பதுகளின் கடைசியில் வந்த எங்கள் ஆட்கள் பலரும் அதில் இருந்து வந்தவர்கள்தான். மலையிலோ காட்டிலோ, ஆள் வராத ஒரு பழைய விடுதியில் வைத்திருப்பார்கள். கேஸ் முடிய ஒரு வருடமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். மற்ற வீடுகளில் ஆண்கள் கூடினால் காம்ப் கதைதான். அவித்த உருளைக்கிழங்குக் கதை, ஸ்கீ பழகி விழுந்த கதை. இவர் மட்டும் அந்தக் கதைகளில் சேரமாட்டார். "நாலு மாசம் இருந்தனான்" என்பதோடு முடிந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எந்த ஊர் என்றுகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"நீர் போயிட்டு வாரும். நான் இஞ்சை நிக்கிறன்," என்றார்.

நான் புறப்பட்டேன். கோபத்தில்தான். முந்நூறு மீட்டர் போயிருப்பேன், பின்னால் அவருடைய சங்கிலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன்.

பலகை உண்மையிலேயே அழகு. தடித்த பைன் மரம். ஆறு ஒன்று நீலமாக வளைந்து ஓடுகிறது, அதில் மரக்குற்றிகள் மிதக்கின்றன, கரையில் இரண்டு காட்டுக்கோழிகள். அதற்கு மேலே ஊரின் பெயர். (அந்தப் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று இவர் கேட்டுக்கொண்டார். தன்னுடைய பெயரையும் போடவேண்டாமாம். ஆகவே அவர் இந்தப் பத்தி முழுக்க "இவர்"தான்.) பின்பக்கம் போனேன். ஊரை விட்டுப் போகிறவர்களுக்காக அங்கேயும் செதுக்கியிருந்தார்கள் — "நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்."

படமெடுத்துவிட்டுத் திரும்பினால் இவர் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டுப் பலகையின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். ரோட்டைப் பார்க்கவில்லை. ஊரையும் பார்க்கவில்லை.

"அந்த நேரம் இது வெறும் தகரமாத்தான் இருந்தது," என்றார். "பின்பக்கம் ஒண்டும் எழுதியிருக்கேல்லை."

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொட்டிப் பொதியை எடுக்கவா என்று கேட்க வாயெடுத்துவிட்டு விட்டுவிட்டேன். நல்லவேளை.

"தம்பியின்ரை செய்தி வந்த அண்டைக்கு நான் இஞ்சைதான் இருந்தனான்."

இவருடைய தம்பியின் படம் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கிறது. பத்தொன்பது வயதுப் படம். ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு நான்தான் சமைக்கிறேன். அந்தச் செய்தி இவருக்கு ஒஸ்லோ வந்த பிறகு, ஒரு நண்பனின் வீட்டில் வைத்துக் கிடைத்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார். அந்த நண்பனின் பெயர்கூடச் சொல்லியிருந்தார். அது அப்படியில்லையாம்.

ஒரு மார்கழி ஞாயிறு. மதியம். காம்பில் இருந்த ஒரே போனுக்கு லண்டனிலிருந்து மாமா எடுத்திருக்கிறார். லைன் நல்லதில்லை. "தம்பி இல்லையடா" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். போனை வைத்துவிட்டு, கோட்டைப் போடாமல், வாசலில் இருந்த யாருடையதோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்திருக்கிறார். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"எங்கை போனனீங்கள்?"

"ஒரு இடமும் இல்லை."

"சாகவோ?"

இதை எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

இவர் கணக்குப் பார்ப்பவர் போல, சரியாகச் சொல்லவேண்டுமே என்று யோசித்தார்.

"சாகவெண்டு போகேல்லை. திரும்பி வரவெண்டும் போகேல்லை."

நடந்து நடந்து இந்தப் பலகை வரை வந்திருக்கிறார். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய வரை வீடில்லை, வெறும் ரோடும் பனியும். இங்கே வந்ததும் கால் நின்றுவிட்டதாம்.

ஏன் தெரியுமா?

காம்பில் பொடியன்கள் மத்தியில் ஒரு கதை உலாவியது. ஒபிசில் சொல்லாமல் ஊர்ப் பலகையைத் தாண்டினால் கேஸ் பழுதாகிவிடும், பைலில் எழுதிவிடுவார்கள் என்று. அப்படி ஒரு சட்டமும் கிடையாது. யாரோ யாருக்கோ கட்டிவிட்ட புளுகு. ஆனால் எல்லோரும் நம்பினார்கள். இவரும் நம்பினார்.

"விளங்குதே உமக்கு? உயிரே வேண்டாமெண்டு வந்தவன். போர்டைக் கண்ட உடனை கேஸ் பழுதாப்போகுமெண்டு பயந்து நிண்டிட்டன். ஞாயிற்றுக்கிழமை ஒபிசும் பூட்டு. ஆரிட்டைச் சொல்லிப்போட்டுப் போறது? இதிலை குந்திட்டன்."

சொல்லிவிட்டு இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது இவருடைய தோள் குலுங்கும் விதம் மாறிவிட்டது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கார் எங்களைக் கடந்தபோது வேகத்தைக் குறைத்து, பிறகு போனது.

எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியாது. கைவிரல்கள் விறைத்து, இருப்பதே தெரியாமல் போனது மட்டும் ஞாபகம். பிறகு வெளிச்சம். பனி வழிக்கும் லொறி ஒன்று வந்து நின்றிருக்கிறது. ஓட்டியவர் இறங்கி, ஏதோ கேட்டு, இவர் பதில் சொல்லாததைப் பார்த்து, தூக்காத குறையாக ஏற்றி முன் சீட்டில் வைத்திருக்கிறார். உடனே காம்புக்குக் கொண்டுபோகவும் இல்லை. அவருக்கு வழித்து முடிக்க ரோடு மிச்சமிருந்தது! ஹீட்டரைக் கூட்டிவிட்டு, தன் ஜக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து சீனி போட்ட கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரம். இவருக்கு அப்போது நோர்வேஜிய மொழியில் "நன்றி", "உருளைக்கிழங்கு" இரண்டும்தான் தெரியும்.

"அந்தாள் தலையை ஆட்டி ஆட்டித் திரும்பத் திரும்ப ஒண்டையே சொன்னது. ஏசுறார் எண்டு நினைச்சன். ஏசத்தானே வேணும். பிறகு காம்ப் வாசலிலை இறக்கிவிட்டிட்டுப் போயிட்டார். நான் நன்றிகூடச் சொல்லேல்லை."

இரண்டு கிழமையில் இவருக்கு ஒஸ்லோவுக்கு மாற்றம் கிடைத்தது. அந்த இரண்டு கிழமையும் வெளியே தலைகாட்டவில்லையாம். ஊருக்கே தெரிந்திருக்கும், சாகப் போன பொடியன் என்று விரல் நீட்டுவார்கள் என்ற வெட்கம். அந்த வெட்கம்தான் பதினெட்டு வருடமாக ரோட்டு முனையில் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றிருக்கிறது.

"ஆளைத் தேடுவம்," என்றேன்.

"வேண்டாம். இருக்கிறாரோ செத்தாரோ. போய் என்னத்தைச் சொல்லுறது?"

"நன்றி."

"பதினெட்டு வருசத்துக்குப் பிறகோ?"

"பெயர் தெரியுமோ?"

"தெரியாது. இடக்கையிலை ரெண்டு விரல் இல்லை."

எனக்கு அது போதும். ஊருக்குள் ஒரு பெற்றோல் நிலையம் திறந்திருந்தது. முன்பு பனி லொறி ஓட்டிய, இரண்டு விரல் இல்லாதவர் என்று ஆரம்பிக்க முதலே கல்லாவில் நின்ற பெண், "ஆர்னேயா? தேவாலயத்துக்குப் பின்னால் மஞ்சள் வீடு," என்றாள். சின்ன ஊரில் இது ஒரு வசதி.

இவர் கேட்டுக்கு வெளியே இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். உயரம், கொஞ்சம் கூன், கையில் குறுக்கெழுத்துப் போட்டிப் பத்திரிகை. அதைப் பிடித்திருந்த இடக்கையில் இரண்டு விரல் இல்லை.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. "பல வருடங்களுக்கு முன்பு ஒரு குளிர்காலத்தில் என் கணவரை உங்கள் லொறியில் ஏற்றினீர்கள். முகாமில் இருந்தவர். ஊர்ப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்..."

அவர் என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி கேட்டடியில் நின்ற இவரைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை பஸ்!" என்று கத்தினார்.

எனக்கு விளங்கவில்லை.

"பலகைக்குப் பக்கத்தில்தானே அப்போது பஸ் தரிப்பு இருந்தது! நீ ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தாய்! ஞாயிறு பஸ் இல்லை, பஸ் இல்லை என்று எத்தனை தரம் சொன்னேன். உனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை!"

இவர் கேட்டடியில் அப்படியே நின்றார். பதினெட்டு வருடம் ஏச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பஸ் நேர அட்டவணை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். கோப்பி வந்தது, தகரப் பேணியிலிருந்து பிஸ்கட் வந்தது. மனைவி போன வருடம் இறந்துவிட்டாராம். இருந்திருந்தால் இந்தக் கதையை அவரே சொல்லியிருப்பார் என்றார். "அவளுக்குச் சரியான கோபம். ஞாயிறு பஸ் இல்லை என்று அந்தப் பையன்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லையே, செத்திருப்பானே என்று. அடுத்த நாளே என்னிடம் அட்டவணையைத் தந்து அனுப்பினாள். முகாம் கதவில் நான்தான் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு."

"அது எனக்கு ஞாபகம் இருக்கிறது," என்றார் இவர். அந்த வீட்டுக்குள் வந்து அவர் கதைத்த முதல் வசனம் அது. "அதைப் பார்த்துத்தான் ஒஸ்லோவுக்குப் போக பஸ் எடுத்தேன்."

"பார்த்தாயா!" ஆர்னேக்கு அப்படி ஒரு சந்தோஷம். மனைவியின் படம் இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இப்போது என்ன வேலை செய்கிறாய்?"

"பஸ் ஓட்டுகிறேன்."

உண்மை. ஒஸ்லோவில் பதினோரு வருடமாக பஸ்தான் ஓட்டுகிறார். ஆர்னே சிரித்த சிரிப்பில் கோப்பி மேசைத் துணியில் சிந்தியது. காத்திருந்து அலுத்துப்போய்ச் சொந்தமாகவே ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டாயா என்றார். ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவாயா என்றார். ஓடுவேன் என்றார் இவர். நல்லது, மிக நல்லது என்று அவர் தலையாட்டினார்.

நான் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார்... ஆர்னே, நான் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை என்று. நடுவில் ஒருமுறை வாயைத் திறந்தார். பிறகு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

வெளிக்கிடும்போது வாசலில் இவர் ஆர்னேயின் கையைப் பிடித்தார். இடக்கையை. "தக் ஃபொர் சிஸ்த்," என்றார்.

இங்கே இருப்பவர்களுக்கு இது தெரியும். போன முறை சந்தித்ததற்கு நன்றி என்று பொருள். ஒருவரை மறுபடி காணும்போது இந்த நாட்டில் எல்லோரும் சொல்லும் சொல். போன கிழமை கோப்பி குடித்ததற்கும் சொல்வார்கள், போன வருடம் விருந்துக்குப் போனதற்கும் சொல்வார்கள்.

"அது வரும்போது சொல்வது," என்று ஆர்னே திருத்தினார். "போகும்போது அல்ல."

"தெரியும்," என்றார் இவர். "நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்."

திரும்பும் வழியில் இவர் முன்னால் போனார். பலகையைத் தாண்டினோம். ஓட்ஸ் வயல் தொடங்கும் இடத்தில்தான் நான் எட்டிப்பிடித்து அருகில் போனேன்.

"ஏன் அவருக்கு உண்மையைச் சொல்லேல்லை?"

"மனுசனும் மனுசியும் பதினெட்டு வருசமா ஒரு கதையைச் சந்தோசமா வைச்சிருந்திருக்கினம். அதை ஏன் நான் கெடுப்பான்?"

"அப்ப உங்கடை உண்மை?"

"உமக்குச் சொல்லிப்போட்டன்தானே," என்றார். "அது போதும்."

ஸ்டேஷன் வரை அவருக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு வந்தேன்.

ரயிலில் வரும்போது இவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். நான் ஒரு விஷயத்தையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஆர்னே ஒரு உயிரைக் காப்பாற்றினார். அது அவருக்குத் தெரியாது. இனிமேலும் தெரியப்போவதில்லை. அவரைப் பொறுத்தவரை, பஸ் இல்லாத நாளில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவனுக்குக் கோப்பி கொடுத்தார், அவ்வளவுதான். "என்ன துக்கம் உனக்கு?" என்று அவர் கேட்டிருந்தால் இவர் லொறியில் ஏறியிருப்பாரா? சந்தேகம்தான்.

அதனால் உங்களிடம் ஒன்று சொல்கிறேன். ரோட்டோரத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருக்கக் கண்டால் பெரிய கேள்வி ஒன்றும் கேட்காதீர்கள் — பஸ்ஸுக்கா என்று கேளுங்கள், போதும்.